கவனம் தவறுவதும் இம்சையா?

அறியாமல் விளையும் தீங்குக்கு ஒருவர் பொறுப்பாவாரா என்பது பழைய கேள்வி. பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் வைக்கிறது. சமணத்தின் தத்துவார்த்த சூத்திரமோ, கவனம் தவறிய செயலால் உயிர் பறிபோவதையே இம்சை என்று வரையறுக்கிறது. மனத்தில் பகை இல்லை என்பது மட்டும் போதாது.

திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு போன்ற மீன்பிடி ஊர்களில், படகு எஞ்சினுக்குப் புகைக்குழாய் பொருத்தும் வேலையில் இந்த வரையறை கைக்கு எட்டும் பொருளாகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை; அது ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். அறையுள்ள படகில் தளர்ந்த ஓர் இணைப்பு, உறங்குபவரை எழுப்பாமலே கொல்லக்கூடும். சூடான குழாய்க்கு வெப்பம் தாங்கும் உறை சுற்றாவிட்டால் அருகிலுள்ள மரம் தீப்பற்றலாம். கடல்நீர் கலந்து குளிர்விக்கும் அமைப்பில் குழாய் நீர்மட்டத்துக்கு மேலே வளைந்தெழுந்து, பிறகு வெளிவாய் நோக்கிச் சரிய வேண்டும். இல்லையேல் அலைநீர் எஞ்சினுக்குள் புகும். ரப்பர் குழாயின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப்புகள் போடுவது நல்ல வழக்கம்.

கேள்வி கூர்மையாவது அந்த இரண்டாவது கிளிப்பில்தான். பொருத்துபவர் பெரும்பாலும் அந்தப் படகில் கடலுக்குப் போவதில்லை. பாதிக்கப்படுபவரை அவர் பார்த்தே இருக்கமாட்டார். சமண அளவுகோலில் அவரது பிழை, கசிவு நேரும் நாளுக்கு முன்பே, சோதிக்காமல் விட்ட கணத்தில் தொடங்கிவிடுகிறது. எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் பார்த்தபின் குழாய் என்றோ உள்ளே துருப்பிடித்து உடைந்தால், அந்த இம்சை அவருடையதாகாது. அப்போது கவனக் கடமை படகுக்காரரிடம் இருக்கிறது.