நீர்க் கட்டணமும் வினைக் கணக்கும்

அறத்தைப் பற்றிய வினா ஆலயத்தில்தான் எழும் என்பதில்லை. சில வேளைகளில் வாசலில் வந்து விழும் ஒரு கட்டணச் சீட்டிலிருந்தும் எழுந்துவிடுகிறது. பெங்களூரில் எம் இளைய மகன் இல்லத்தில் நாம் தங்கியிருந்தபோது அத்தகைய சீட்டு ஒன்று வந்தது. திங்கள்தோறும் 17 கிலோலிட்டர் அளவிலேயே நின்றுவந்த நீர்ச் செலவு, அந்தத் திங்களில் 58 கிலோலிட்டர் எனக் குறிக்கப்பட்டிருந்தது. கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர். செலவு கூடக்கூட அடுத்தடுத்த படியில் நீரின் விலையும் கூடும் முறை அந்நகரில் உள்ளது. ஆதலின் அளவு மூன்று மடங்கைக் கடந்திருக்க, தொகையோ அதனினும் பன்மடங்காக உயர்ந்திருந்தது.

எதிர்பாராத இழப்பு நேர்ந்தால் மனித மனம் முதலில் காரணத்தைத் தேடுவதில்லை; குற்றவாளியைத்தான் தேடுகிறது. மகன் அளவுமானியைக் குறை கூறினான். மருமகள், கணக்கெடுக்க வந்தவர் எண்ணைத் தவறாகக் குறித்திருப்பார் என்றாள். நாமோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைச் சுட்டினோம். "பாத்திரம் துலக்கும்போது குழாயைத் திறந்தபடியே விட்டுவிடுகிறாய் போலிருக்கிறது" என்று அவள் முகத்துக்கு நேரே கூறினோம். அவள் அவ்வாறு செய்ததை நாம் ஒருநாளும் கண்டதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்பு நாடி வந்தவள் அவள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்டுல நாளுக்கு நாலு குடத்துல பொழப்பு நடத்துறோம்மா, தண்ணிய வீணாக்க எனக்கு மனசு வருமா?" என்று மட்டும் கேட்டாள். அவ்வினாவுக்கு நாம் விடை கூறவில்லை.

இரண்டு நாட்களுக்குப்பின் குழாய் பழுதுபார்ப்பவர் வந்தார். மாடியிலுள்ள தொட்டியை இரவில் நிரப்பி, நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறித்து, எவரும் நீர் புழங்காமலிருந்து காலையில் பார்க்கச் சொன்னார். கோட்டிற்கு வெகு கீழே நீர் இறங்கியிருந்தது. பின்னர் கழிப்பறையிலுள்ள சிறு நீர்த்தொட்டியில் மஞ்சளைக் கரைத்து ஊற்றச் செய்தார். சற்று நேரத்தில், எவரும் அழுத்தாமலேயே, பீங்கானில் மஞ்சள் நிறம் மெல்லிய இழையாக வழிந்தது. உள்ளேயிருந்த ரப்பர் மூடி தேய்ந்து, நீர் இரவு பகலாகக் கழிவுக்குழாயில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மூடியின் விலை அற்பம். மாற்றுவதற்கு அரைமணி நேரமும் ஆகவில்லை.

ஆசிரியத் தொழிலில் பழகிய கை சும்மா இராது. தாளை எடுத்துக் கணக்கிட்டோம். மிகுதியான 41,000 லிட்டரை 30 நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,366 லிட்டர். நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு மெல்லிய கசிவு அவ்வளவு பெருந்தொகையாகத் திரண்டிருந்தது. 2019 இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வரையறுத்தது. அந்த அளவின்படி, ஏறத்தாழ 25 பேருக்குரிய நீர் ஒவ்வொரு நாளும் எவருக்கும் பயன்படாமல் சாக்கடையில் கலந்தது. அந்நகருக்கு வரும் காவிரி நீர், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று கட்டங்களில் பெரும் எந்திரங்களால் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றப்படுவது. 2024 மார்ச்சில் நீர்ப் பஞ்சத்தினால், குடிநீரில் வாகனம் கழுவுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அங்கே அறிவிக்கவும் நேர்ந்தது. அத்தகைய நகரில் இந்த இழப்பு.

கல்லூரியில் பயிலும் பேரன் எம் கணக்கைப் பார்த்துவிட்டு வினவினான்: "தெரியாமல் நடந்ததற்குப் பாவம் உண்டா, பாட்டி? நீருடல் உயிர்களைக் கொல்ல வேண்டும் என்று நம் வீட்டில் எவரும் நினைக்கவில்லையே?" எளிய வினா போலத் தோன்றினும், நம் சமயத்தின் நடுநாடியைத் தொடும் வினா இது.

நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது நம் ஆகமங்களின் முடிபு. நீரைப் புழங்காமல் இல்லறம் நடவாது. அதனால்தான் சிராவகர்க்கு உரைக்கப்பட்டது அணுவிரதம், முனிவர்க்குரிய மகாவிரதமன்று. ஆயினும் 'இன்றியமையாதது' என்னும் சொல்லுக்கு ஓர் எல்லையுண்டு. சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றிச் செய்யும் தீங்குகளை 'அனர்த்ததண்டம்' என வகுத்து, அவற்றுள் ஒன்றாகப் 'பிரமாதசரியை'யைக் கூறுகிறார். வீணே மண்ணை அகழ்தல், நீரைச் சிதறுதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை முறித்தல் ஆகியன அதனுள் அடங்கும். அந்நூலின் கருத்துகளைத் தமிழில் தரும் அருங்கலச்செப்பை நம் குடும்பங்களில் பலரும் அறிவர். ஆகவே 17 கிலோலிட்டர் இல்லறத்தின் கணக்கு என்று கொண்டாலும், எஞ்சிய 41 எந்தக் கணக்கில் சேரும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் பேரன் கேட்டது அதுவன்று. சிதறியவர் எவருமில்லாதபோது வினை எவரைச் சேரும் என்பதே அவன் வினா. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் பிரிதல் ஒன்றையே சொல்லி அமையாமல், அதற்கு மூலமான பிரமாதத்தையும், அதாவது விழிப்பற்ற நிலையையும், சேர்த்தே சொல்கிறது. அமிர்தசந்திராசாரியர் இதனை மேலும் தெளிவாக்குகிறார். விழிப்புடன் ஒழுகுபவரிடத்து எதிர்பாராமல் ஓர் உயிர் மாய்ந்தாலும் அவருக்கு இம்சை இல்லை; விழிப்பின்றி ஒழுகுபவரிடத்து ஓர் உயிரும் மாயாவிடினும் இம்சை உண்டு என்பது அவர் கருத்து. எனவே வினாவைத் திருத்திக் கேட்க வேண்டும். 'தெரிந்ததா, தெரியவில்லையா' என்பதன்று. 'தெரிந்துகொள்ள வேண்டிய விழிப்பு இருந்ததா, இல்லையா' என்பதே வினா.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. நள்ளிரவில் உறக்கம் கலையும்போது, சுவருக்கு அப்பால் மெல்லிய இரைச்சல் ஒன்று எம் செவியில் விழுந்ததுண்டு. ஓரிரவன்று, பல இரவுகள். பக்கத்து வீட்டுக் குழாயாக இருக்கும் என்று எண்ணித் திரும்பிப் படுத்தோம். எழுந்து பத்தடி நடந்திருந்தால் தெரிந்திருக்கும். ஆகவே எம்மிடம் இருந்தது அறியாமை அன்று, அறிய முயலாமை. இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேற்றுமை உண்டு. முன்னதை மன்னிக்கலாம், பின்னதை நாமே திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் நெஞ்சை உறுத்தியது. அந்தத் திங்கள் முழுவதும், காலைதோறும், குடிப்பதற்கான இரண்டு குடம் நீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு சிற்றுயிரும் தப்பிவிடலாகாது என்று துணியை விரித்துப் பார்த்தோம். அதே வேளையில் சுவருக்கு அப்பால் நூற்றுக்கணக்கான லிட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. வந்தவாசிப் பக்கத்தில் எம் இளமைக்காலத்தில், வடிகட்டிய துணியில் தங்கியதை, நீர் எடுத்த அதே கிணற்றில் கவனமாக விடுவார்கள். எடுத்த இடத்துக்குத் திருப்பித் தரும் கடமை அந்தச் செயலில் இருந்தது. அன்று கயிறும் கையுமே அளவுமானி. ஒரு குடம் மிகையாக இறைத்தால் தோள் சொல்லிவிடும். குழாய் வந்தபின் தோள் ஓய்ந்தது. அதனுடன் விழிப்பும் ஓய்ந்துவிட்டது. வடிகட்டும் வழக்கம் மட்டும் கையில் எஞ்சியது.

சீட்டு வராமலிருந்தால் நாம் எழுந்திருப்போமா என்றும் எம்மையே கேட்டுக்கொண்டோம். நீரை அளவாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை தண்டும் ஊர்கள் பல உண்டு. அங்கே இதே கசிவு ஆண்டுக்கணக்கில் நிகழினும் ஒரு காசும் கூடாது. பொருள் இழப்பு இல்லையென்பதால் தீங்கும் இல்லையென்று ஆகிவிடுமா? எம்மை எழுப்பியது உயிர்களிடத்துக் கருணையன்று, பணம் என்பதை ஒப்புக்கொள்ள நாணமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எழுந்துவிட்டவர், எது எழுப்பியது என்று வருந்திக்கொண்டே படுத்திருத்தல் கூடாதன்றோ?

இதற்கிடையே அறிமுகமான ஒருவர், அளவுமானி குறைத்துக் காட்டும்படி செய்வதற்கு 'வழி' இருக்கிறது என்றார். பலரும் செய்வதுதான் என்று துணிவும் கூறினார். கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள், கூட்டியும் குறைத்தும் அளவைக் கருவிகளை வைத்தல் ஒன்றென நம் முன்னோர் வகுத்திருப்பதை அவருக்கு எடுத்துக் கூறினோம். அன்று தராசும் படியும், இன்று அளவுமானி. கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டது.

பணக்கணக்கு அவ்வாறு தீர்ந்தது. தீராத கணக்கு வேறொன்று. வேலைக்கு வரும் அந்தப் பெண்ணிடம், "உன்மேல் வீண்பழி சுமத்திவிட்டோம், பொறுத்துக்கொள், அம்மா" என்று வேண்டினோம். தசலட்சண பர்வத்தின் முடிவில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுவது நம் மரபு. அந்நாள் வரட்டும் என்று காத்திருக்க மனம் ஒப்பவில்லை. அவள், "பரவாயில்லம்மா" என்று சொல்லித் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். ஆனால் அதன்பின் பல நாட்கள், பாத்திரம் துலக்குமுன், "குழாயைத் திறக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டே திறந்தாள். அவ்வினா ஒவ்வொரு முறையும் எம்மைச் சுட்டது. ரப்பர் மூடியை மாற்றியதும் கசிவு நின்றது. நாவிலிருந்து கசிந்த சொல்லுக்கு அத்தகைய மூடி இல்லை. ஓரறிவுயிர்க்காக இவ்வளவு கணக்கிடும் நாம், எதிரே நிற்கும் ஆறறிவுயிரின் நெஞ்சைப் புண்படுத்த அரை நொடியும் தயங்கவில்லை. நிகழ்ந்தவற்றுள் பெரிய இம்சை எது என்று கேட்டால், 41,000 லிட்டரைவிட அந்த ஒரு வாக்கியத்தையே நாம் முதலில் சொல்வோம்.

ஓட்டையுள்ள ஓடத்தை நம் ஆசிரியர்கள் உவமையாகக் காட்டுவதுண்டு. நீர் உட்புகுதல் ஊற்று. ஓட்டையை அடைத்தல் செறிப்பு. புகுந்த நீரை இறைத்து வெளியேற்றுதல் உதிர்ப்பு. அடைக்காமல் இறைப்பவர் கரை சேரார். பள்ளியில் பிள்ளைகளுக்கும் பின்னர் ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கும் எத்தனையோ உவமைகளை விளக்கியவர் நாம். இந்த உவமையின் பொருளை எமக்கு விளக்க ஒரு ரப்பர் மூடி தேவைப்பட்டது.

ஆகவே எம் இல்லத்தில் ஒரு வழக்கம் மேற்கொண்டுள்ளோம், அன்பர்களும் மேற்கொள்ளலாம். திங்களில் ஒருமுறை, சதுர்த்தசி இரவில், நீர் புழங்குவதை நிறுத்தியபின் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அவ்விரவே, அந்தத் திங்களில் எவரைப் பற்றியேனும் காணாததைக் கண்டதுபோல் கூறினோமா என்றும் எண்ணிப் பார்க்கிறோம். முதலாவதற்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டாவதற்குச் சற்று நேரமாகிறது. அப்பெண் இப்போது கேளாமலே குழாயைத் திறக்கிறாள் என்று மருமகள் கடிதத்தில் எழுதியிருந்தாள். அந்த வரியை இருமுறை படித்தோம்.

அறம் வளர்க!