கேட்காமல் விட்டது

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று, நம்மில் ஒவ்வொருவருக்கும் தெரியாமல்தான் இருக்கிறது. ஒருவருக்குச் சோம்பு எது, சீரகம் எது என்று பிடிபடாது. (லேசாகப் பச்சை ஓடி, பருத்து, மென்றால் இனிப்பது சோம்பு, ஒல்லியாய், பழுப்பாய், நாவில் கொஞ்சம் கசப்பது சீரகம்.) இன்னொருவருக்குச் சித்திரையிலிருந்து விரல் மடக்கி எண்ணினால்தான் ஆவணிக்கு அடுத்தது புரட்டாசி என்று வரும். வேறொருவருக்கு, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியை என்ன முறை சொல்லி அழைப்பது என்பதில் குழப்பம்.

நாழிகை என்கிறோம், அது 24 நிமிடம். வீசம் என்கிறோம், அது 16-இல் ஒரு பங்கு. 8 ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி. சொல் வாயில் தங்கிவிட்டது, அளவு கையை விட்டுப் போய்விட்டது. அளந்து காட்ட வீட்டில் ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

தெரியாமை குற்றமில்லை. ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற கேள்விதான் அதை ஒளித்து வைக்கச் சொல்கிறது. பத்து வயதில் அதைக் கேட்டுக் குறுகிப்போனவர், ஐம்பது வயதிலும் தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு நகர்கிறார். ஒரு நிமிடத்தில் சொல்லித்தரக்கூடிய விஷயத்துக்கு 40 ஆண்டு மௌனம்.

இன்று உங்களிடம் யாராவது இப்படி ஒன்றைக் கேட்டால், வியப்புக் காட்டாமல் பதில் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததை, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.