பழைய உயர்தர மோட்டார் வண்டி வாங்குதல் தகுமோ?

சிறிது தூரமே ஓடிய பழைய உயர்தர மோட்டார் வண்டி மலிவாகக் கிடைப்பின் வாங்கலாமோவென ஈண்டு ஆராய்வாம். தூரங்காட்டுங் கருவி ஓட்டத்தை அளக்குமேயன்றி வயதை அளக்கமாட்டாது. ஓடாது நின்ற வண்டியிலும் இறப்பர் இறுகிப் பிளவுறும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். 1990களின் முற்பகுதியிற் செய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகள் பலவற்றில், ஓட்டங் குறைந்தவையாயினும், மின்கம்பிகளின் உறை சூட்டினாலுங் காலத்தினாலும் உதிர்ந்தமை பிரசித்தம்.

வண்டியின் விலை ஆண்டுதோறுங் குறையும். அதனைப் பழுதுபார்க்குஞ் செலவோ குறைவதில்லை. ஆதலின், வாங்க இயலுமோ என்பதன்று வினா. பேண இயலுமோ என்பதே. குடும்பத்திற்குரியதையும், ஏற்றுக்கொண்ட தருமத்தையுங் குறைக்காது அதனைப் பேணவல்லார் தேர்ந்த தொழிலாளி ஒருவரைக்கொண்டு சோதித்து வாங்குக. அயலார் மதிக்கவேண்டுமென்றே வாங்கி, பிள்ளைகளின் கல்விக்குரிய பொருளை அதன் பழுதுக்கு இறைத்தல் அறமாகாதென்பது நமது துணிபு.