தண்ணீர் காட்டுதல்

மாட்டுக்குத் தண்ணீர் ‘காட்டுவது’ என்றே நம் பக்கத்தில் சொல்வார்கள். அவிழ்த்துத் தொட்டியருகே நிறுத்திவிட்டால் குடிப்பது அதன் பாடு. அதே சொல்லுக்கு ஏமாற்றுதல் என்னும் பொருளும் பேச்சுவழக்கில் ஏறிவிட்டது. நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளைக் கோடையில் காணும்போது இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாய்திறந்து மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. மூச்சோடு உடலின் நீரும் ஆவியாகிப் போகிறது. சாதாரண நாளில் ஏறக்குறைய கால் லிட்டர் அருந்தும் முட்டைக்கோழி, மே மாத வெயிலில் இருமடங்கு நாடும். ஆனால் கொட்டகை மேலுள்ள பிளாஸ்டிக் தொட்டியும் குழாயும் காய்ந்து, நீரின் சூடு கோழியின் உடற்சூடான 41 டிகிரியை நெருங்கினால், தாகத்திலும் அது குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். கண்ணெதிரே நீர் இருக்கிறது, பயனில்லை. பனி உறையும் நாடுகளில் இதற்கு நேர்மாறான தொல்லை. அங்கே தொட்டிநீர் உறையாதிருக்க மின்சூடேற்றி வைக்கிறார்கள்; மின்சாரம் நின்றால் அதற்கொரு மாற்றும் தேடுகிறார்கள். நம்மவர் தொட்டிக்குக் கீற்று வேய்கிறார்கள், ஈரச்சாக்கு சுற்றுகிறார்கள், நண்பகலில் குழாயின் சுடுநீரைத் திறந்துவிட்டுப் புதுநீர் பாய்ச்சுகிறார்கள். அதற்கும் மோட்டார் ஓட வேண்டும். கடும் மின்வெட்டு நிலவிய 2012ஆம் ஆண்டில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதே பண்ணையாளருக்குப் பெருங்கவலையாயிற்று.

இதை இரக்கம் என்பதா? முட்டையில் முக்கால் பங்கு நீர்தான். நீர் குறைந்தால் முட்டையும் குறையும். ஆகவே கணக்குப் பார்ப்பவனும் நல்லவனும் ஒரே குழாயைத்தான் திறக்கிறார்கள். அவர்கள் பிரியும் இடம் ஒன்று உண்டு. முட்டையிட்டு ஓய்ந்து, அடுத்த வாரம் இறைச்சிக்காக லாரி ஏறவிருக்கும் கோழிகளின் கொட்டகை அது. மதியம் மின்சாரம் போகிறது. செத்தால் நட்டம் என்பதால் சாகாத அளவுக்கு நீர் விடக் கணக்கு இடம் தரும். தாகம் தீரும் அளவுக்கு விடக் கணக்கில் காரணம் எதுவுமில்லை.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், போதிய உணவும் நீரும் தராத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. பயன் தருவது, தராதது என்று பிரிக்கவில்லை. ஆனால் சட்டத்திற்கு முந்திய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முருங்கை நிழலில் மேயும் நாட்டுக்கோழி கிணற்றடி ஈரத்தைத் தானே கண்டுகொள்ளும். கூண்டுக்கோழியிடமிருந்து அந்தத் தேடலை நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டது முட்டை நின்றவுடன் திரும்பிப் போய்விடுவதில்லை. ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டும் வழக்கத்தை இயேசு சுட்டிக்காட்டியதை லூக்கா எழுதுகிறார். அங்கே அவிழ்ப்பதுதான் முதற்செயல். இங்கே அது கிடையாது. எஞ்சியிருப்பது தண்ணீர் மட்டுமே.

ராசிபுரம் அருகே பண்ணை வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன்.

“ஏனுங்க, டீசலுக்கு உங்க கட்டுரையா காசு குடுக்கும்?” என்று சிரித்தார். வங்கிக் கடனும் தீவன விலையும் அழுத்தும் மனிதர். அவர் கேட்டதில் தவறில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து, பழைய கோழிகளின் கொட்டகைக்குப் போனார். கடைசிக் குழாயில் விரலை வைத்துப் பார்த்தார்.

“சுடுது” என்றார். பண்ணையாளைக் கூப்பிட்டு ஜெனரேட்டரைப் போடச் சொன்னார்.