எதிரியை வரையும் பக்தி

தான் உபாஸிக்கும் மூர்த்தியைப் பிறர் உபாஸிக்கும் மூர்த்தியோடு பொருதவிட்டு, அந்த யுத்தத்தைச் சித்திரமாகத் தீட்டியோ சிலையாக வடித்தோ கண்டு களிப்பது பக்தியின் பாற்பட்டதா, அன்றிப் பக்தி வேஷம் பூண்ட அகங்காரமா என்ற கேள்வி எங்கள் பிரதேசத்துக்குப் புதிதன்று. கொள்ளிடத்துக்கு வடக்கே லால்குடியில் சப்தரிஷீசுவரர். அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் அரங்கநாதர். காலையில் ஒருவரையும் மாலையில் மற்றவரையும் ஸேவித்துவிட்டு, நடுவிலே இருவரில் யார் பெரியவர் என்று திண்ணையில் வாதாடியவர்கள் எங்கள் முன்னோர்.

இரணியனை வதைத்த பின்னும் நரசிம்மத்தின் கோபம் தணியாமையால், பட்சியும் சிங்கமும் கலந்த சரபமாய்ச் சிவபெருமான் தோன்றி அதை அடக்கினார் என்று லிங்க புராணம் கூறுகிறது. இரண்டாம் இராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரத்திலும், மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்த திருபுவனத்திலும் அந்தக் காட்சியைக் காணலாம். வைணவர் இதை ஒப்பவில்லை. சரபத்தையும் கிழித்தெறிய இருதலைப் பட்சியான கண்டபேருண்டமாய் நரசிம்மரே எழுந்தார் என்று பதில் சொன்னார்கள். அதற்கும் ஒரு பதில் எழுந்து பரவாமற்போனது நம் ஸ்தபதிகள் செய்த பாக்கியம்!

லால்குடியில் என் உறவினர் வீட்டுப் பையன் ஒருவன் ஓயாமல் வரையும் படங்களைக் கண்டபோது இந்தப் பழைய வழக்கு மறுபடியும் என் சிந்தையில் எழுந்தது. அமெரிக்கச் சித்திரக் கதையொன்றில், ஓநாயாக மாறும் மனிதனைப் பிடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்டு, வெள்ளி ஆயுதங்களோடு 1975இல் முதன்முதலாகத் தோன்றியவன் மூன் நைட் என்னும் வீரன். அவ்விருவரின் சண்டையைத்தான் பையன் தாள் தாளாக வரைகிறான். அவனுடைய அபிமானம் முழுவதும் வீரன்மீதே. ஆனால் பென்சில் தேயத் தேய அவன் உழைத்திருப்பதோ ஓநாயின் பிடரி மயிரிலும், நகங்களிலும், வெறியோடு வேதனையும் கலந்த அதன் கண்களிலும். பிள்ளையார் படம் போடலாகாதா என்று அவன் பாட்டி அங்கலாய்க்கிறாள். எனக்கென்னவோ அவன் செய்வது பிள்ளையாருக்கு விரோதமான காரியமாகத் தோன்றவில்லை.

ஏனெனில், தன் நாயகனை அவனுடைய பராக்கிரமத்தின் உச்சத்தில் காண விழையும் அன்புக்கு, அந்தப் பராக்கிரமம் முழுவதையும் கேட்டு வாங்கத் தகுந்த எதிரி வேண்டும். அற்பனை வென்றவன் புகழ் அற்பப் புகழே. ஆகவே நாயகனைப் பாட வந்தவன், தான் அறியாமலே எதிரியைத் தியானிக்கத் தொடங்கிவிடுகிறான். வால்மீகி பாடாத இரணியன் வதையைக் கம்பர் யுத்த காண்டத்திலே வீடணன் வாயில் வைத்துப் பாடினார். ஓர் அவதாரக் கதைக்குள் மற்றோர் அவதாரத்தைப் புகுத்தினார் என்று ஸ்ரீரங்கத்தில் ஆட்சேபம் எழுந்தபோது, அங்குள்ள நரசிம்மராகிய மேட்டழகிய சிங்கர் தலையசைத்துச் சிரித்து அங்கீகரித்தார் என்பது ஐதிகம். தாயார் ஸந்நிதிக்கு எதிரேயுள்ள கம்பர் மண்டபம் இன்றும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் படலத்தில் தூணைப் பிளந்து வரும் சிங்கத்துக்குச் சற்றும் குறையாத கம்பீரம் இரணியனுக்கு இருக்கிறது. தன்னை இகழ்ந்தவனுக்கு இவ்வளவு பெருமை ஏன் என்று சிங்கர் கேட்டதாக ஐதிகம் சொல்லவில்லை.

அகங்காரம் அறவே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. யார் காலடியில் யார் கிடப்பது என்பதை உளி பிடித்தவனே தீர்மானிக்கிறான். அந்தத் தீர்ப்பில் சமயப் பூசலின் கறை உண்டு. ஆனால் தீர்ப்பு ஒரு கணத்தில் முடிவது. செதுக்குவதோ பல நாள் வேலை. அந்த நாட்களிலெல்லாம் சைவ ஸ்தபதியின் கண்ணும் கையும் நரசிம்மரை விட்டு அகல முடியாது. சரபரை ஏற்காத வைணவரும் தாராசுரத்துக்குச் சென்றால், தோற்றவராகக் காட்டப்பட்ட தம் பெருமானைச் சற்று நின்று ஸேவிக்கலாம். எதிர்க் கட்சிக்காரன் செய்த கைங்கரியம் என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை.