பார்ப்பவனும் பார்க்கப்படுபவனும்

கால்நடையாகச் சுற்றியவனே ஒரு நகரை அறிந்தவன் என்றொரு கருத்து எழுத்தாளரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. யப்பானில் இக்கருத்துக்கு இலக்கிய வடிவம் தந்தோருள் நாகாய் காஃபூ குறிப்பிடத்தக்கவர். மரப் பாதணியும் கையிற் குடையுமாக டோக்கியோவின் சந்துகளையும் கால்வாய்களையும் சிறு கோயில்களையும் சுற்றித் திரிந்து அவர் எழுதிய கட்டுரைகள் 1915இல் நூலாயின. புதிய வீதிகளை வெறுத்து, பழைய நகரின் எச்சங்களையே அவர் தேடினார். அந்நூலின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனைப் படிக்கும் நமக்கு ஒரு வினா எழவே செய்யும். பகற்பொழுதில் விரும்பிய சந்தில் விரும்பிய நேரம் நின்று வேடிக்கை பார்க்க எவனால் முடியும்? காஃபூவுக்குத் தந்தை விட்டுச்சென்ற சொத்து இருந்தது.

பஸ்ஸுக்குக் காசில்லாதவனும் நடக்கிறான். விடியுமுன் வேலை தேடிச் செல்பவனும் நடக்கிறான். அவர்களை நகரை அறிந்தோர் என்று எவரும் எழுதுவதில்லை. ஓய்வுடையவனின் நடைக்கு மட்டுமே அனுபவம் என்ற பெயர் கிடைக்கின்றது.

இதனாற் கால்நடைப் பயணம் வீண் என்று கொள்ளலாகாது. டோக்கியோவின் நிலக்கீழ்ப் புகையிரதத்திற் செல்பவன் நிலையங்களையே காண்கிறான். வண்ணக் கோடுகளாலான ஒரு படமே அவனுக்கு நகரம். இரு நிலையங்களுக்கிடையே வாழ்வோர் யாவர் என்பதை அப்படம் சொல்லாது. நடப்பவனுக்கு அந்த இடைவெளி கிடைக்கின்றது. கிடைத்ததை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான் என்பதே ஆராயத்தக்கது.

நகரின் வடகிழக்கே, அசாக்குசாவிலுள்ள சென்சோஜி கோயிலிலிருந்து மினாமி சென்ஜு வரை நான் நடந்த வழியை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நடைதான். கோயில் வாசலில் உலகெங்குமிருந்து வந்த உல்லாசப் பயணிகள் தோளோடு தோள் உரசி நிற்பர். வடக்கே சிறிது தூரம் சென்றதும் அக்கூட்டம் அற்றுப்போகின்றது. 1657இல் அங்கு மாற்றப்பட்ட யொஷிவாரா, விலைமாதர் தொழிலைத் தடைசெய்த சட்டம் 1958இல் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை அவ்விடத்திலேதான் இயங்கியது. குடும்பக் கடனுக்கு ஈடாக ஒப்படைக்கப்பட்ட பெண்களின் உடலுழைப்பிலே செழித்த இடம் அது. அதன் அயலில், 1893இல், ஹிகுச்சி இச்சியோ என்ற இளம்பெண் தின்பண்டமும் சில்லறைச் சாமானும் விற்கும் சிறு கடையொன்றை வைத்தாள். நகரைக் காண அவள் போகவில்லை. தாயையும் தங்கையையும் காப்பாற்றப் போனாள். கடை ஓராண்டும் நிலைக்கவில்லை. ஆனால் கடைக்கு வந்த பிள்ளைகளின் உலகம், யொஷிவாராவின் நிழலில் அவர்கள் வளர்ந்து பெரியோராகும் கொடுமை, அவளது புகழ்பெற்ற கதைக்குப் பொருளாயிற்று. 1896இல், 24 வயதில் அவள் இறந்தாள். வறுமையிலேயே வாழ்ந்த அவளுடைய முகத்தை 2004 முதல் 2024 வரை 5,000 யென் நாணயத்தாளில் அச்சிட்டனர். அரசுகளுக்கும் நகைச்சுவை உண்டு போலும்!

அங்கிருந்து சற்று அப்பால் சன்யா. நாட்கூலிகளின் பகுதி. 1966இல் முகவரிகளை ஒழுங்குபடுத்தியபோது அப்பெயரை உத்தியோகபூர்வ வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டனர். மக்கள் வாயில் அது இன்னும் வழங்குகின்றது. 1964 ஒலிம்பிக் விழாவுக்காகத் தலைநகரிற் பெருவீதிகளும் அரங்குகளும் எழுந்த காலத்தில், விடியற்காலையில் இங்கு கூடி நின்றோரைத் தரகர் லொறிகளில் ஏற்றிச் சென்றனர். இரவில் அவர்கள் தங்கிய மலிவு விடுதிகளுக்கு டொயா என்று பெயர். யப்பானிய மொழியில் விடுதியை யாடொ என்பர். அச்சொல்லின் அசைகளை முன்பின்னாகப் புரட்டித் தொழிலாளர் இப்பெயரை வைத்தனர். விடுதியென்று சொல்லத் தகாத விடுதி என்பது குறிப்பு. எந்த இலக்கணமும் கற்பிக்காத சொல்லாக்கம், ஆனால் எத்துணைக் கூர்மை! இன்று அத்தொழிலாளர் முதியோராகி, பெரும்பாலும் அரசின் வாழ்வாதார உதவியில் வாழ்கின்றனர். 2002இன் உலகக் கிண்ணக் காற்பந்தாட்டத்தின் பின்னர், அவ்விடுதிகள் சில வெளிநாட்டுப் பயணிகளுக்கான தங்குமிடங்களாயின. மூன்று பாய் அகலமேயுள்ள அத்தகைய அறையொன்றிலேதான் நானும் தங்கினேன். ஓர் ஆசிரியனின் பணப்பைக்கு ஏற்றது அதுவே.

சன்யாவில் நடப்பவனுக்கு ஓர் இக்கட்டு உண்டாகின்றது. சுவரோரம் அமர்ந்து குடிக்கும் முதியவரை உற்றுப் பார்ப்பது அவமதிப்பு. நிழற்படக் கருவியை உயர்த்துவது அதனினும் பெரிய அவமதிப்பு. பாராமற் கடந்து போவதோ, வரைபடத்திற் பெயரை நீக்கியோர் செய்ததையே கண்களாற் செய்வதாகும். நாகரிகம் முகத்தைத் திருப்பச் சொல்கின்றது. மனச்சாட்சி திரும்பிப் பார்க்கச் சொல்கின்றது. இதிற் சிக்கிக்கொண்டு, தன் மனவேதனையையே ஒரு சாதனையாக எழுதும் பயணிகளும் உளர். என்னளவில், இந்த இக்கட்டு ஒரு தவறான எண்ணத்திலிருந்தே பிறக்கின்றது. பார்க்கவேண்டிய பொருள் அந்த மனிதரே என்ற எண்ணம் அது. வறுமை அவரது முகத்தில் இல்லை. ஒரு நாளுக்கு மட்டும் வேலை கொடுத்து மறுநாளுக்குப் பொறுப்பேற்காத கூலிமுறையில், இடையிற் பங்கு பறித்த தரகில், என் அறையின் வாடகை ஏன் இத்துணை மலிவு என்ற கணக்கில் அது இருக்கின்றது.

அந்த ஏற்பாட்டைப் பார்ப்பதற்கு விலை கொடுத்தோர் உண்டு. தொழிலாளரைச் சுரண்டிய குண்டர் கூட்டத்தை அம்பலப்படுத்தும் ஆவணப்படம் ஒன்றைத் தொடங்கிய இயக்குநர் சட்டோ மிட்சுவோ, 1984 டிசம்பரிற் குத்திக் கொல்லப்பட்டார். அவரது பணியைத் தொடர்ந்து முடித்த யமவோக்கா கியோயிச்சி 1986 ஜனவரியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சோர்ந்த முகங்களை மட்டும் படம் பிடித்துச் செல்வோருக்கு இத்தகைய ஆபத்து நேர்வதில்லை.

சன்யாவின் வடக்கு எல்லையிலுள்ள நாற்சந்திக்கு நமிடபாஷி, அதாவது கண்ணீர்ப் பாலம், என்று பெயர். இன்று பாலமுமில்லை, ஆறுமில்லை. கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் உறவினரைப் பிரிந்த இடம் என்பர். அப்பாலிருந்த கொசுகப்பராக் கொலைக்களத்தின் மீது இருப்புப் பாதைகள் செல்கின்றன. 1771இல் அங்கு, தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடல் அறுக்கப்படுவதைக் காணச் சுகித்தா கென்பாக்கு முதலிய மூன்று வைத்தியர்கள் சென்றனர். அறுத்துக் காட்டியவர் தொண்ணூறு வயது முதியவர். பிணத்தைத் தொடும் தொழில் ஒதுக்கப்பட்ட சாதியாருக்கே விதிக்கப்பட்டிருந்தது. யப்பானிலும் தீண்டாமை இருந்தது என்பது நம் வாசகர் சிலருக்குப் புதிதாயிருக்கலாம். அதற்கு முன்னரும் வைத்தியர்கள் வந்ததுண்டு. முதியவர் ஒவ்வோர் உறுப்பாகச் சுட்டிக் காட்டுவார். உட்புறத்தைக் கண்டுவிட்டோம் என்ற திருப்தியோடு அவர்கள் திரும்புவர். கென்பாக்குவே தம் முதுமைக்கால நினைவுக் குறிப்பில் இதனைச் சொல்கிறார். இம்மூவரோ ஒல்லாந்த மொழியிலமைந்த உடற்கூற்று நூலொன்றைக் கொண்டு சென்று, படத்தையும் உடலையும் ஒப்பிட்டனர். தாம் கற்ற பழைய நூல்கள் பிழையெனக் கண்டு நாணினர். வீடு திரும்பும் வழியிற் பேசிக்கொண்டே, அந்நூலை மொழிபெயர்ப்பதென முடிவு செய்தனர். மொழிபெயர்ப்பு 1774இல் வெளிவந்தது. அங்குள்ள எக்கோயின் கோயிலில் இதற்கு நினைவுச் சின்னம் உண்டு.

முன்னையோர் கண்ட அதே ஈரலையும் இருதயத்தையுமே இவர்களும் கண்டனர். கையில் ஒரு வினா இருந்தமையாற் பார்வை வேறாயிற்று. இதுவரை சரி. ஆனால் இளமை முதலே அவ்வுறுப்புகளைத் தம் கையாற் பிரித்தறிந்திருந்த அந்த முதியவரின் நிலை என்ன? அன்று அறுக்கவேண்டியவன் நோயுற்றிருந்த தொரமட்சு என்பதால், அவனுடைய பாட்டன் என்ற அளவிலேயே கென்பாக்கு அவரைக் குறிக்கிறார். பெயரில்லை. அறிவு கையிலிருந்து கண்ணுக்குச் சென்று, கண்ணிலிருந்து நூலுக்குச் சென்றபோது கைக்குரியவர் வழியிலேயே விடப்பட்டார்.

மேற்கே சற்றுத் தள்ளி மினோவாவில் ஜோகன்ஜி கோயில் இருக்கின்றது. யொஷிவாராவில் இறந்து, உரிமைகோர எவருமற்ற பெண்களின் உடல்களை இங்கு கொண்டுவந்து போட்டனர். எறியும் கோயில் என்றே மக்கள் அழைத்தனர். அவர்களின் தொகை 25,000 வரை என்பர். காஃபூ இங்கு வந்து போனவர். அப்பெண்களுக்கு அருகிலேயே தம்மையும் புதைக்கவேண்டுமென விரும்பியவர். 1959இல் அவர் இறந்தபோது அடக்கம் வேறிடத்தில் நடந்தது. 1963இல் இங்கு அவருக்கு ஒரு நினைவுக்கல் நாட்டினர். அதே வளாகத்திற் சன்யாவின் தொழிலாளருக்கென ஒரு சிறு ஜிசோ சிலையும் உண்டு. அதற்குச் சூரியகாந்தி ஜிசோ என்று பெயர். வெயிலில் நின்று உழைத்தோருக்கு யாரோ நன்றாகத்தான் யோசித்து வைத்திருக்கிறார்கள்.