இது கிளாஸா, மீன் மார்க்கெட்டா?

பருவத்தின் நடுவில் ஒரு நாள் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம். என் வகுப்பில் உங்களுக்கு எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள் என்றேன். நாற்பதுக்கும் மேற்பட்ட காகிதங்கள் வந்தன. மணல் போய்க் கருங்கல் வந்துவிட்ட குருசுக்குப்பம் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் வீடு. அன்று மாலை அவற்றை விரித்துவைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் “நல்லா நடத்துறீங்க மேம்”. வேகமாகப் போகிறேன், போர்டில் எழுதுவது கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை என்று சிலர். ஒரு காகிதத்தில் மட்டும் இப்படி இருந்தது:

“சத்தம் போட்டா, இது கிளாஸா மீன் மார்க்கெட்டான்னு கேக்குறீங்க. எங்க அம்மா மீன் விக்கிறாங்க. மார்க்கெட்ல யாரும் சும்மா கத்தறதில்ல மேம்.”

படித்ததும் நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது யாருடைய கையெழுத்து என்று தேடினேன். அசைன்மென்ட் கட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கி, மூன்றாவது தாளில் நிறுத்தினேன். பெயர் வேண்டாம் என்று சொன்னவளும் நான், பெயரைத் தேடியவளும் நான். உள்மதிப்பீட்டு மதிப்பெண் போடுவதும் இதே கைதான்.

கருத்துக் கேட்பது சுலபம். கேட்டவருக்கு அதன் பிறகு என்ன கடமை இருக்கிறது என்ற கேள்விதான் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நம் கல்லூரிகளில் கருத்துக் கேட்காத ஆண்டே இல்லை. தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகாரக் குழு, அதாவது நாக், 2017இல் தன் முறையை மாற்றியமைத்தபோது மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. மொத்தம் 21 கேள்விகள். பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் நடத்தப்பட்டது, ஆசிரியர்கள் எவ்வளவு தயாராக வருகிறார்கள், உள்மதிப்பீடு நியாயமாக இருக்கிறதா என்று 20 கேள்விகளுக்குக் கட்டத்தில் குறியிட வேண்டும். கடைசிக் கேள்வியில் மட்டும் சொந்தமாக எழுதலாம். இது தவிரக் கல்லூரியே கருத்துப் படிவம் வாங்க வேண்டும், பகுத்தாய வேண்டும், எடுத்த நடவடிக்கையை அறிக்கையாக்கி இணையதளத்தில் போட வேண்டும். அந்த 2017 முறைப்படி இத்தனையும் செய்தால் கல்லூரிக்கு முழு மதிப்பெண். கோப்பு தடிமனாகும். ஆனால் அந்த நடவடிக்கை அறிக்கை யாரைப் பார்த்து எழுதப்படுகிறது? மதிப்பிட வரும் குழுவைப் பார்த்து. சொன்னவள் கீழே இருக்கிறாள், பதில் மேலே போகிறது. அவள் மூன்றாண்டு முடித்துப் போகும்வரை தன் சொல் எங்கே போய் விழுந்தது என்று அவளுக்குத் தெரிவதில்லை.

அந்தப் பருவத்தின் முடிவில் வந்த படிவத்தில் எனக்குச் சராசரி ஐந்துக்கு நான்குக்கு மேல். மீன் மார்க்கெட் அந்த எண்ணுக்குள் எங்கேயும் இல்லை.

எண்ணை நம்பக்கூடாது என்று பெண்ணியவாதிகள் சொல்வதற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 2015இல் வெளியானது. இணையவழி வகுப்பில் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குத் தன் பெயரிலும் இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் நடத்தினார்கள். மாணவர்கள் முகம் பார்க்கவில்லை. வீட்டுப்பாடம் திருத்தி எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில்தான் தரப்பட்டது. ஆனாலும் உரிய நேரத்தில் திருத்தித் தந்தாரா என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு ஐந்துக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55 கிடைத்தது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, இதே தரவையும் பிரான்சின் ஒரு பல்கலைக்கழகத் தரவையும் சேர்த்துப் பார்த்தது. பிரான்சில் ஆண் மாணவர்கள் ஆண் ஆசிரியர்களுக்குக் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அமெரிக்காவில் பெண் மாணவிகள்தான் ஆண் பெயருக்குக் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். பெண்கள் கல்லூரி என்பதால் நாம் தப்பித்தோம் என்று நினைக்க வழியில்லை.

அப்படியானால் மாணவர் கருத்தையே ஒதுக்கிவிடலாமா? பாரபட்சத்தால் அடிபட்ட பெண் ஆசிரியர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. “மேமுக்குச் சிரிப்பே வராது” என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சிரிக்காத ஆண் ஆசிரியரைக் கண்டிப்பானவர் என்பார்கள். ஆனாலும் அந்த முடிவோடு என்னால் போக முடியவில்லை.

தீர்ப்பு வேறு, சாட்சியம் வேறு. எனக்குப் பாடம் தெரியுமா, பாடத்திட்டம் தரமானதா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் இல்லை. ஆனால் கடைசி பெஞ்சுக்கு என் குரல் கேட்டதா, கேள்வி கேட்க அவளுக்குத் துணிச்சல் வந்ததா, நான் சொன்ன ஒரு சொல் அவள் மேல் எப்படி விழுந்தது என்பதற்கு அவளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. துறைத் தலைவருக்கோ நாக் குழுவுக்கோ எனக்கோ அது தெரியாது. நம் படிவங்கள் தலைகீழாக வேலை செய்கின்றன. அவளால் சொல்ல முடியாத தீர்ப்பைக் கட்டம் கட்டிக் கேட்கின்றன. அவளால் மட்டுமே சொல்லக்கூடிய சாட்சியத்துக்குக் கடைசியில் ஒரு கேள்வி ஒதுக்குகின்றன. பாரபட்சம் சாட்சியத்திலும் புகும்தான். ஆனால் 3.55 என்ற எண்ணிடம் ‘எப்போது, எந்த இடத்தில்’ என்று திருப்பிக் கேட்க முடியாது. சாட்சியத்திடம் கேட்கலாம்.

நான் மீன் வாங்கும் அம்மாவிடம் நேற்று வாங்கிய சங்கரா சரியில்லை என்று சொன்னால் அங்கேயே பதில் வரும். ஒத்துக்கொள்வார், அல்லது நீ ஐஸ் வைக்காமல் விட்டிருப்பாய் என்பார். சொன்னவரும் கேட்டவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இதைப் பார்த்து, மாணவியும் வாடிக்கையாளர்தானே என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. எனக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கூடைக்குப் போவேன். என் மாணவி அடுத்த வகுப்புக்குப் போக முடியாது. அதனால்தான் அவளுக்குப் பெயர் சொல்லாமல் பேசும் உரிமை வேண்டும். அதே காரணத்தால்தான் கேட்டவருக்குப் பதில் சொல்லும் கடமையும் கூடுகிறது.

பதில் வராத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2023இல் சென்னை கலாக்ஷேத்ராவில் பார்த்தோம். பாலியல் தொல்லை பற்றிய பேச்சை நிர்வாகம் வதந்தி என்று தள்ளியது. மார்ச் இறுதியில் மாணவர்கள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். அதன் பிறகுதான் ஓர் உதவிப் பேராசிரியர் கைதானார், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு வந்தது. அத்தகைய புகாருக்குத் துண்டுக் காகிதம் போதாது. சட்டம் இருக்கிறது, உள் புகார்க் குழு இருக்கிறது. ஆனால் போர்டு தெரியவில்லை என்று சொன்னதற்கே பதில் வராத கல்லூரியில், அதைவிடப் பெரிய விஷயத்தைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

என் சொல்லுக்கு வருகிறேன். ‘மீன் மார்க்கெட்’ என்று நான் அதட்டியது சத்தத்தை மட்டுமல்ல. ஏலம் கேட்கவும் விலை சொல்லவும் குரலை உயர்த்தியே குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்களை, அடக்கமில்லாதவர்களின் அடையாளமாக்கியிருக்கிறேன். பெண்கள் உரக்கப் பேச வேண்டும் என்று பாடம் நடத்திய அதே வாயால். அந்தச் சொல்லில் சாதி இருக்கிறது, தொழில் மேலான இளப்பம் இருக்கிறது. நான் பள்ளியில் கேட்டு, யோசிக்காமல் எடுத்துக்கொண்ட சொல் அது.

அடுத்த வகுப்பில் பதில் சொன்னேன். மெதுவாகப் போகிறேன், எழுத்தைப் பெரிதாக்குகிறேன் என்றேன். முழு நோட்ஸும் சொல்லி எழுத வைக்கக் கேட்டவர்களுக்கு, அதைச் செய்ய மாட்டேன், காரணம் இது என்றேன். அந்தக் காகிதத்தை வாசிக்கவில்லை. வாசித்தால் யாருடையது என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும். “மீன் மார்க்கெட்னு சொல்லி அதட்டறது தப்பு. இனிமே சொல்ல மாட்டேன். மன்னிச்சிடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் மூன்று நான்கு பேர் ஒரே பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டும் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்று நெஞ்சு படபடத்தது. எந்தப் பெஞ்ச் என்று பார்க்காமல் போர்டு பக்கம் திரும்பித் தேதியை எழுதினேன். பெரிய எழுத்தில்.